வேட்பாளரைத் தெரிந்தெடுத்தல் யார் கடமை?

மன்னார்க் கடலின் ஈழக்கரையில் மரிச்சுக்கட்டி என்றோர் இடம் உண்டு. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கு அரசினர் பெரிய முத்துக்குளிப்புகளை நடத்தினர். நம் கரையிலிருந்தும் முத்துக்குளிப்போர் பலர் தோணியேறிச் சென்று அவற்றிற் பங்கு கொண்டனர். அங்கு நிலவிய பங்கீட்டு முறையொன்று எம் நெஞ்சில் நீங்காது நிற்பதாகும். கடலினின்று தோணிகள் கரை சேர்ந்ததும், அன்று எடுத்த சிப்பிகளை ஓர் அடைப்பினுட் கொண்டு சென்று, முத்துக்குளித்தவரே அவற்றை மூன்று சம குவியல்களாக வகுத்தல் வேண்டும். பின்னர் அரசின் அலுவலர் வந்து தம் விருப்பம்போல் இரண்டு குவியல்களைச் சுட்டி அரசிற்கென எடுத்துக்கொள்வார். எஞ்சிய ஒன்று முத்துக்குளித்தவர்க்கு உரியது.

வகுப்பவர் ஒருவர், தெரிபவர் மற்றொருவர். எக்குவியல் தம் பங்காக எஞ்சும் என்பது வகுப்பவர்க்குத் தெரியாது. ஆதலின் அவர் எக்குவியலையும் சிறிதாக்கத் துணியார். வழக்கின்றி, நடுவரின்றி, ஒருவரையொருவர் ஐயுறுதலின்றிப் பங்கீடு முடிந்துவிடும். இம்முறை தூய மனத்தை எதிர்பார்த்து அமைந்ததன்று. மனிதனின் தன்னலத்தையே நீதிக்குக் காவலாக நிறுத்தியது.

நம் கரையில் அரசினர் நடத்திய முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு முடிந்தது. கொற்கை முத்தின் புகழ் இன்று ஏட்டில் உள்ளது, பார்களில் இல்லை. எனினும் அப்பங்கீட்டின் நெறி கடலோடு போக வேண்டுவதன்று. நம் நாட்டின் தேர்தலை அந்நெறி கொண்டு அளந்து பார்த்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

தேர்தலிலும் வகுத்தல், தெரிதல் என இரு செயல்கள் உள்ளன. இன்னார் இன்னார் போட்டியிடுவர் எனப் பெயர்களை நிறுத்துதல் வகுத்தலாகும். அவருள் ஒருவர்க்கு வாக்களித்தல் தெரிதலாகும். முன்னதைக் கட்சித் தலைவர் செய்கின்றனர். பின்னதை மக்கள் செய்கின்றனர். அங்ஙனமாயின் மரிச்சுக்கட்டியின் நெறி இங்கும் உள்ளதன்றோ என ஒருவர் வினவலாம். மேலோட்டமாக நோக்கின் அங்ஙனமே தோன்றும். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. அடைப்பினுள் ஒருவர் சுட்டி எடுத்த குவியல் எடுத்தவர்க்கே உரியதாயிற்று. வகுத்தவர்க்கு அதன்மேற் பின்னர் ஓர் உரிமையும் இல்லை. தேர்தலிலோ, மக்கள் தெரிந்தெடுத்த உறுப்பினர் தெரிந்த பின்னரும் தம்மை நிறுத்திய தலைவர்க்கே உரியவராய் நிற்கின்றார். வகுத்தவரே வைத்தும் கொள்ளுகின்றார். அஃது எவ்வாறு என்பதைப் பின்னர்க் கூறுவோம்.

எமக்கு ஆண்டு பத்தொன்பது. வாக்காளர் பட்டியலில் எம் பெயர் ஏறியுள்ளது. முன்னர் 21 ஆண்டு நிரம்பியவர்க்கே இருந்த வாக்குரிமையை, அரசியலமைப்பின் 61-ஆம் திருத்தம் 1989-ஆம் ஆண்டு முதல் 18 ஆண்டு நிரம்பியவர்க்கும் உரியதாக்கிற்று. ஆதலின் இவ்விதழைக் கையில் ஏந்தியுள்ள மாணவ நண்பருட் பெரும்பாலார் வாக்காளரே. எனவே இஃது அரசியலார்க்கு மட்டும் உரிய பொருள் அன்று, நமக்கும் உரியது.

யாம் பள்ளி மாணவராயிருந்த காலத்தில் நிகழ்ந்த ஒன்றைக் கூறுவோம். எம் கடற்கரைத் தெருவிற்கு வேட்பாளர் ஒருவர் வந்தார். அவர் பெயரும் கட்சியின் பெயரும் ஈண்டு வேண்டா. மாலையிட்டு, ஆரத்தி எடுத்து, எல்லாம் முறையாக நடந்தன. அப்பொழுது வலை பின்னிக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் எழுந்து, "ஐயா, நாட்டுப்படகுக்காரர்க்கும் விசைப்படகுக்காரர்க்கும் உள்ள பிணக்கில் நீங்கள் சட்டமன்றத்தில் என்ன பேசுவீர்கள்?" என்று கேட்டார். வேட்பாளர் சினவாது, நகைமுகத்தோடு, "பெரியவரே, தலைமை என்ன சொல்லுகிறதோ அதுவே என் நிலை" என்று விடையிறுத்துச் சென்றார். முதியவர் மீண்டும் வலையருகே அமர்ந்து, எம்மை நோக்கி, "தம்பி, இவரைக் கேட்டுப் பயன் என்ன? கயிறு வேறு கையில் இருக்கிறது" என்றார்.

அச்சொல்லின் பொருள் கடற்கரையார்க்கு விளங்கும்; பிறர்க்கு விளக்குதல் வேண்டும். முத்துக்குளிப்போன் இடையிற் கயிற்றோடு கடலுள் இறங்குவான். தோணியில் நிற்கும் ஒருவன் அக்கயிற்றைப் பிடித்திருப்பான். கீழிருந்து அசைவு தோன்றியதும் இழுத்துவிட வேண்டும்; பிந்தினால் உயிர் போகும். ஆதலின் அக்கயிற்றை மைத்துனன் கையில் கொடுப்பதே வழக்கம் என்று நம் கரையிற் கூறுவர். கடலுட் சென்றவன் மீளாவிடின் தாலி இழப்பவள் தன் உடன்பிறந்தாள் ஆதலின் அவன் கண்ணயரான் என்பது கருத்து. கயிறு பிடிப்பவன், இழப்புத் தனக்கும் உண்டு என அறிந்தவனாயிருத்தல் வேண்டும். உறுப்பினரின் கயிறு அவர் தொகுதி மக்கள் கையில் இருப்பின், தொகுதியின் இழப்பு அவர்க்கும் இழப்பாகும். அது தொலைவிலுள்ள தலைமையின் கையில் இருப்பின், தொகுதி மூச்சுத் திணறுவது அக்கைக்கு எங்ஙனம் தெரியும்?

நிற்க. வேட்பாளர் எவ்வாறு தெரிந்தெடுக்கப்படுகின்றனர் என்பதைச் சிறிது நோக்குவோம். தமிழ்நாட்டின் பெருங்கட்சிகள் தேர்தல் அணுகியதும் விருப்ப மனுக்களைக் கட்டணத்தோடு பெறும். மனுச் செய்தவரைச் சென்னைக்கு அழைத்துத் தலைவர் நேர்காணல் நடத்துவார். பின்னர் ஒருநாள் பட்டியல் வெளிவரும். ஒருவர் ஏன் தெரியப்பட்டார், மற்றவர் ஏன் விலக்கப்பட்டார் என்பதற்குப் பொதுவாகக் காரணம் கூறும் வழக்கம் இல்லை. அத்தொகுதியிலுள்ள கட்சி உறுப்பினரிடம் வாக்குக் கேட்கும் வழக்கமும் இல்லை. 2014-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-இல், தம் பிறந்த நாளன்று, ஜெயலலிதா தமிழ்நாட்டின் 39 தொகுதிகளுக்கும் புதுச்சேரிக்குமாக 40 வேட்பாளர் பெயரை ஒருங்கே வெளியிட்டார். நம் தூத்துக்குடித் தொகுதியும் அவற்றுள் ஒன்று. அத்தேர்தலில் அக்கட்சி தமிழ்நாட்டில் 37 இடங்களை வென்றது. தூத்துக்குடியும் அதனுள் அடங்கும். 2016 ஏப்ரல் 4-இல் சட்டமன்றத்திற்கு 227 பெயர் கொண்ட பட்டியலை வெளியிட்ட அவரே, அடுத்த நாள்களிற் பல தொகுதிகளுக்குப் பெயரை மாற்றவும் செய்தார். மாற்றப்பட்டவரை முதலில் நிறுத்தியதன் காரணமும் தொகுதியார்க்குத் தெரியாது. பின்னர் நீக்கியதன் காரணமும் தெரியாது.

ஒரு கட்சியை மட்டும் குறை கூறுதல் எம் கருத்தன்று. 2019-ஆம் ஆண்டு தூத்துக்குடியில் தி.மு.க. சார்பிற் கனிமொழியும் பா.ஜ.க. சார்பில் தமிழிசை சௌந்தரராசனும் எதிர்நின்றனர். முன்னவர் அப்பொழுது மாநிலங்களவை உறுப்பினர். பின்னவர் தம் கட்சியின் மாநிலத் தலைவர். கனிமொழி வென்றார், 2024-இலும் அவரே வென்றார். இவர்தம் தகுதியைப் பற்றி யாம் ஒன்றும் பேசவில்லை. மக்கள் வாக்கு அதனைத் தீர்த்துவிட்டது. யாம் கூறுவது இதுவே: இவ்விருவரும் இங்கு நிற்றல் வேண்டும் என்ற தீர்ப்பு விளாத்திகுளத்திலோ திருச்செந்தூரிலோ கோவில்பட்டியிலோ உள்ள கட்சித் தொண்டரின் வாக்கால் எழுந்ததன்று, கட்சித் தலைமையிடமிருந்து வந்தது. மக்களின் பங்கு அதன்பின்னரே தொடங்கிற்று.

சட்டமும் இம்முறைக்கே துணை நிற்கின்றது. 1968-ஆம் ஆண்டின் தேர்தற் சின்னங்கள் ஆணையின்படி, ஒருவர் கட்சி வேட்பாளர் ஆதற்கு ஏ, பி என்னும் இரு படிவங்கள் வேண்டும். கட்சி சார்பிற் கையொப்பமிடும் உரிமை உடையவர் யார் என்பதை ஒன்று அறிவிக்கும். அவர் யாரை நிறுத்துகின்றார் என்பதை மற்றொன்று அறிவிக்கும். அத்தாளின்றிச் சின்னம் வாராது. ஏற்பு பெற்ற கட்சியின் வேட்பாளர்க்குத் தொகுதி வாக்காளர் ஒருவர் முன்மொழிந்தாற் போதும். பிறர்க்குப் பத்துப் பேர் வேண்டும். இவ்வாறு ஒரு கையொப்பம் ஒன்பது வாக்காளரின் கையொப்பத்திற்கு ஈடாகின்றது.

அத்தாளின் வலிமை 2023-இல் ஈரோடு கிழக்குத் தொகுதியின் இடைத்தேர்தலில் வெளிப்பட்டது. அ.தி.மு.க.வில் எடப்பாடி பழனிசாமி, ஓ. பன்னீர்செல்வம் என இரு தரப்பார் பிணங்கி நின்றமையின், இரட்டை இலைக்கு உரிய தாளில் யார் கையொப்பமிடுவது என்பது உச்சநீதிமன்றம் வரை சென்றது. கட்சியின் பொதுக்குழு உறுப்பினரிடம் கருத்துக் கேட்டு வேட்பாளரை முடிவு செய்யுமாறு நீதிமன்றம் வழி கூறிற்று. தலைவர் ஒருமித்து நின்ற காலத்திற் கேட்கப்படாத பொதுக்குழுவின் கருத்து, அவர் பிணங்கிய காலத்தில் நீதிமன்றத்தாற் கேட்கப்பட்டது. ஆனால் அப்பொழுதும் ஈரோட்டில் உள்ள உறுப்பினரைத் தனியே கேட்டார் இல்லை.

இனி, வகுத்தவரே வைத்தும் கொள்ளுகின்றார் என்று மேலே கூறியதை விளக்குவோம். 1985-இல் அரசியலமைப்பின் 52-ஆம் திருத்தம் பத்தாம் அட்டவணையைச் சேர்த்தது. விலைக்குக் கட்சி மாறும் இழிவைத் தடுப்பதே அதன் நோக்கம், அந்நோக்கம் நன்றே. ஆயினும் அதன்படி, கட்சியின் கட்டளைக்கு மாறாக அவையில் வாக்களிக்கும் உறுப்பினரும், கட்சியை விட்டு நீங்கியவராகக் கருதப்படும் உறுப்பினரும் பதவி இழப்பர். வேட்பாளரை நிறுத்தும் உரிமையும், நிறுத்தியவரைக் கட்டளையிட்டு ஆளும் உரிமையும் ஒரே இடத்திற் சேர்ந்தன. முதல் உரிமையேனும் தொகுதியிடம் இருந்திருப்பின், இரண்டாவதின் வன்மை ஓரளவு குறைந்திருக்கும்.

இதனால் நேர்ந்தது யாது என்பதற்குத் தொலைவிற் செல்ல வேண்டா. 2017-ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் ஆளுங்கட்சி உறுப்பினர் சிலர் முதலமைச்சர்மேல் நம்பிக்கையில்லை என ஆளுநரிடம் எழுதிக் கொடுத்தனர். அவருள் 18 பேரை அவைத்தலைவர் அவ்வாண்டு செப்டம்பர் 18-இல் தகுதி நீக்கம் செய்தார். 2018 அக்டோபர் 25-இல் சென்னை உயர்நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. அப்பதினெட்டுத் தொகுதிகளுள் விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம் ஆகிய இரண்டும் நம் மாவட்டத்தின. வ.உ. சிதம்பரனார் பிறந்த ஓட்டப்பிடாரத்திற்கு 2017 செப்டம்பர் முதல் 2019 மே மாதத் தேர்தல் வரை சட்டமன்றத்தில் உறுப்பினர் இல்லை. விளாத்திகுளத்திற்கும் 2019 மே வரை இல்லை. இதற்கிடையேதான் 2018 மே மாதம் தூத்துக்குடியிற் காவல்துறையினரின் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தனர். மாவட்டமே துயரில் மூழ்கிய அந்நாள்களில் இவ்விரு தொகுதி மக்களுக்கும் தம் பொருட்டு அவையில் எழுந்து பேச ஒருவரும் இல்லை. அப்பதினெண்மர் செய்தது சரியோ தவறோ என யாம் ஆராயவில்லை. கட்சிக்குள் எழுந்த பிணக்கிற்கு விலை கொடுத்தவர் தொகுதி மக்கள் என்பதையே சுட்டுகின்றோம். அவர் உறுப்பினர் ஆதற்கு வாக்களித்தவரும் அவர்களே. அவர் நீங்கியபோது கேட்கப்படாதவரும் அவர்களே.

இந்நோய் இன்று தோன்றியதன்று. 1946-ஆம் ஆண்டுச் சென்னைச் சட்டமன்றத் தேர்தலுக்கு வேட்பாளரைத் தெரியும் பணியில் தமிழ்நாட்டுக் காங்கிரசில் இராஜாஜி சார்பினர்க்கும் காமராஜர் சார்பினர்க்கும் பெரும் பிணக்கு நிலவியது. காந்தியடிகள் சென்னை வந்து சென்றபின், இராஜாஜிக்கு எதிராக ஒரு சிறு குழு இயங்குவதாகப் பொருள்பட 'ஹரிஜன்' இதழில் எழுதினார். அதனால் மனம் நொந்த காமராஜர், வேட்பாளரைத் தெரியும் பாராளுமன்றக் குழுவினின்று விலகினார். மூவரும் நாட்டிற்கு உழைத்த பெரியோர். அவருள் யார் பக்கம் நியாயம் என்பதன்று எம் வினா. அத்துணைப் பெரியோரிடையேயும் மனக்கசப்பு விளைத்த ஒரு பணியை, ஒரு சிலர் கையில் எக்காலத்தும் விட்டுவைத்தல் தகுமா என்பதே வினா.

பழந்தமிழகத்திற்கு இத்துறையில் ஒரு செய்தி உண்டு. முதற் பராந்தக சோழன் காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளில் உத்தரமேரூரிற் பொறித்த கல்வெட்டுகள் குடவோலை முறையைக் கூறுகின்றன. ஊர் 30 குடும்பாகப் பிரிந்திருந்தது. தகுதியுடையார் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுப்பித்தனர். 35 வயதிற்குக் குறையாமலும் 70 வயதிற்கு மேற்படாமலும் இருத்தல் வேண்டும். முன்னர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் ஆகார் என விதித்தனர். இம்முறையை இன்று புகழ்வார் பலர். அவர் ஒன்றை மறத்தலாகாது. அது நிலமுடைய அந்தணர்க்கே உரிய சபை. பெண்டிர்க்கும் உழுது பாடுபட்டார்க்கும் அதில் இடம் இல்லை. ஆதலின் அதனை மக்களாட்சி எனக் கொண்டாடுதல் மிகையாகும். ஆயினும் ஒரு நன்மை அதில் உண்டு. யார் ஆகலாம், யார் ஆகார் என்னும் விதி ஒருவர் நெஞ்சினுள் ஒளிந்திராது, ஊரார் காணக் கல்லின்மேல் இருந்தது. இன்று நம் கட்சிகள் வேட்பாளரைத் தெரியும் விதியைக் கல்லில் வேண்டா, ஒரு தாளிலேனும் எழுதி ஊரார்க்குக் காட்டுகின்றனவா?

நம் திருமறையிலும் இதற்கு ஒப்பான நிகழ்ச்சி உண்டு. அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்தில், எருசலேம் திருச்சபையில் அன்றாட உணவுப் பங்கீட்டில் தம் விதவைகள் புறக்கணிக்கப்படுவதாகக் கிரேக்க மொழி பேசுவோர் முறையிடுகின்றனர். அப்போஸ்தலர் பன்னிருவரும் ஆண்டவரோடு வாழ்ந்தவர். அவரினும் மேலான அதிகாரம் உடையார் அச்சபையில் எவரும் இலர். அவர் நினைத்திருப்பின் எழுவர் பெயரைத் தாமே கூறியிருக்கலாம், மறுப்பாரும் இருந்திரார். ஆயினும் அவர் சபையாரை அழைத்து, வேண்டும் தகுதிகளைக் கூறி, தெரிந்தெடுக்கும் பொறுப்பைச் சபையாரிடமே விட்டனர். சபையார் தெரிந்தெடுத்தவரைப் பின்னர்க் கைவைத்து ஏற்றனர். தகுதியை வரையறுத்தல் தலைவர் கடமை. ஆளைத் தெரிதல் சபையின் கடமை. தெரிந்தவரை ஏற்றல் மீண்டும் தலைவர் கடமை. இவ்வரிசையை நாம் தலைகீழாக்கி விட்டோம். தலைவர் தெரிகின்றார், மக்கள் கைவைத்து ஏற்கின்றனர்.

இதற்கு மறுப்புக் கூறுவார் உளர். அவர் கூறுவனவற்றுட் சில வலியனவே. 'உறுப்பினர் வாக்கிற்கு விட்டால், பணமும் சாதியும் உள்ளவரே ஊரில் வெல்வர். எளியவரையும் பெண்டிரையும் முன்னிறுத்தத் தலைவர் ஒருவரால்தான் இயலும்' என்பர். இதற்குச் சான்றும் உண்டு. நாம் தமிழர் கட்சி 2019-இல் 40 தொகுதிகளில் 20 பெண்களையும், 2021 சட்டமன்றத் தேர்தலில் 234 தொகுதிகளில் 117 பெண்களையும் நிறுத்தியது. இது தலைமை எடுத்த முடிவு. ஊர்தோறும் வாக்கெடுத்திருப்பின் இத்துணைப் பெண்கள் நின்றிருப்பாரோ என ஐயுறல் தகும்.

வெளிநாட்டிலும் இவ்வையத்திற்கு இடம் உண்டு. வேட்பாளரை மக்களே வாக்கிட்டுத் தெரியும் முறையை அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலம் 1903-இற் சட்டமாக இயற்றிற்று. பின்னர்ப் பல மாநிலங்கள் பின்பற்றின. ஆனால் டெக்சஸ் மாநிலத்தில் சனநாயகக் கட்சி அம்முதற்கட்ட வாக்கெடுப்பிற் கறுப்பின மக்கள் கலத்தலாகாது எனத் தடுத்தது. அங்கு அக்கட்சி நிறுத்தியவரே வெல்வர் ஆதலின், பொதுத் தேர்தலில் அவர்க்கிருந்த வாக்கு வெறுங்கூடாயிற்று. 1944-இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் அத்தடையை அழித்தது. கட்சி தன் வேட்பாளரைத் தெரிதல் அதன் வீட்டு வேலை அன்று. அஃது தேர்தலின் ஒரு பகுதியே என்பது அத்தீர்ப்பின் சாரம். மக்கள் வாக்கும் அநீதி செய்யக்கூடும் என்பதை இவ்வரலாறு காட்டுகின்றது. சட்டம் காவல் நின்றால் அவ்வநீதி தீரும் என்பதையும் காட்டுகின்றது. பணமும் சாதியும் தலைவர் நடத்தும் நேர்காணலிற் புகுவதில்லை என எவரேனும் நெஞ்சறியக் கூறவியலுமா? தெருவில் நடக்கும் தவற்றைப் பலர் காண்பர்; அறையினுள் நடக்கும் தவற்றைக் காண்பார் யார்?

பிற நாட்டார் இதற்கு வழி கண்டுள்ளனர். செருமானிய அரசியற் சட்டம் கட்சிகளின் உள்ளமைப்பும் மக்களாட்சி நெறிக்கு ஒத்திருத்தல் வேண்டும் என 1949-லேயே விதித்தது. அந்நாட்டுத் தேர்தற் சட்டப்படி, கட்சி வேட்பாளரை உறுப்பினரோ அவர்தம் பேராளரோ மறைவாக்கால் தெரிதல் வேண்டும். இங்கிலாந்திற் பழமைக் கட்சி 2009-இல் டாட்னஸ் தொகுதியின் வாக்காளர் அனைவர்க்கும் அஞ்சலில் வாக்குத்தாள் அனுப்பி வேட்பாளரைத் தெரிந்தது. நம் நாட்டிற் காங்கிரசும் 2014-இற் சில தொகுதிகளில் மட்டும் உறுப்பினர் வாக்கால் வேட்பாளரைத் தெரியும் முயற்சியொன்றைச் செய்து பார்த்தது, அது வேரூன்றவில்லை. நம் சட்ட ஆணையமும் 1999-இல் தன் 170-ஆம் அறிக்கையிற் கட்சிகளுக்குள் மக்களாட்சி வேண்டும் எனப் பரிந்துரைத்தது. உச்சநீதிமன்றம் 2020 பிப்ரவரியில், குற்ற வழக்குடையாரை நிறுத்தும் கட்சி அதன் காரணத்தை வெளியிடல் வேண்டும் என ஆணையிட்டது. வழி ஒருவாறு திறந்துள்ளது. மேலும் நடத்தல் வேண்டும்.

எம் கருத்தைச் சுருங்கக் கூறுவோம். மரிச்சுக்கட்டியில் இருந்தவாறு வகுப்பவரும் தெரிபவரும் வேறாதல் வேண்டும். கட்சித் தலைமை ஒவ்வொரு தொகுதிக்கும் மூவரை நிறுத்தட்டும். அம்மூவருள் ஒருவரேனும் பெண்ணாதல் வேண்டும் எனச் சட்டம் விதிக்கட்டும். அம்மூவருள் ஒருவரை அத்தொகுதியின் கட்சி உறுப்பினர், தேர்தல் ஆணையத்தார் முன்னிலையில், மறைவாக்கால் தெரியட்டும். அவ்வாக்கெடுப்பின் கணக்கு பி படிவத்தோடு இணைக்கப்பட்டாலன்றிச் சின்னம் வழங்கப்படாதிருக்கட்டும். தலைவரின் உரிமை இதனால் முற்றும் அழிவதில்லை. கட்சியின் கொள்கைக்கு மாறானவரை அவர் மூவருட் சேர்க்க வேண்டுவதில்லை. ஆனால் எவர் எஞ்சுவார் என அவர்க்குத் தெரியாமையின், மூவரும் தகுதியுடையராதலில் அவர் கருத்தாயிருப்பார். தெரியப்பட்டவரும், தம்மை இங்கு நிறுத்தியது ஒரு கையொப்பம் அன்று, இவ்வூரார் வாக்கு என்பதை மறவார்.

இறுதியாக, நம்மை நாமே நோக்குவோம். சென்ற ஆண்டு எம் வகுப்பின் பிரதிநிதித் தேர்தலுக்கு முதல்நாள் மாலை, யாம் ஐவர் தேநீர்க் கடையில் அமர்ந்து, நிற்பவர் இன்னார் என முடிவு செய்தோம். நிற்க எண்ணியிருந்த வேறொரு மாணவனை, "உனக்கு அடுத்த ஆண்டு பார்ப்போம்" எனச் சொல்லி அமர்த்தினோம். மறுநாள் ஒரே பெயர், போட்டியில்லை, கைதட்டல் முழங்கிற்று. ஒற்றுமை எனப் பெருமையும் கொண்டோம். அம்மாணவன் எம் விடுதியிலேயே உறைகின்றான், முன்போற் பேசுகின்றான், ஆனால் அதன்பின் எத்தேர்தலுக்கும் அவன் முன்வந்திலன். மாநிலத்தில் எதனைக் குற்றம் என்கின்றோமோ அதனையே யாம் ஒரு குவளைத் தேநீரோடு செய்து முடித்தோம். இக்கட்டுரையை எழுதத் தொடங்கிய பின்னரே இது எமக்கு உறைத்தது.

ஆதலின் நண்பர்காள், சட்டம் மாறும் வரை காத்திருக்க வேண்டா. வகுப்பிலும் விடுதியிலும் மன்றத்திலும் திருச்சபைக் குழுவிலும் பெயர்களை முன்னாளிலேயே முடிவு செய்யும் கூட்டங்கள் இனி வேண்டா. நிற்க விரும்புவார் நிற்கட்டும், தோற்பவர் தோற்கட்டும். நாளை நம்முட் சிலர் கட்சிகளிற் சேர்வர். ஒருவர் இருவர் பட்டியல் எழுதும் இடத்திற்கும் உயரலாம். இங்குப் பழகாத நெறி அங்கு வாராது. வரும் தேர்தலில் நம் தெருவிற்கு வரும் வேட்பாளர் எக்கட்சியினராயினும், மாலையிடுமுன் ஒன்று கேட்போம்: "ஐயா, உங்களை இங்கு நிறுத்தியவர் யார்? உங்கள் கயிறு யார் கையில்?" விடை எதுவாயினும் கேட்டுப் பழகுவோம்.